நாலு கதவு வைத்த அறை

தேரா, துபாய்

அமீரகத்தில் மொபைல் ஃபோன் முதலில் குடியேறிய இடம் கார். 1982-இல் எத்திசலாத் நிறுவனம் மத்தியக் கிழக்கின் முதல் மொபைல் சேவையைத் தொடங்கியபோது, அந்தக் கருவியை வண்டிக்குள் பொருத்தி வண்டி பேட்டரியில்தான் ஓட்டினார்கள். எல்லோர் சட்டைப் பைக்கும் அது இறங்கி வந்தது 1994-இல் ஜி.எஸ்.எம். வந்த பிறகு. பம்பாயிலிருந்து வளைகுடாத் துறைமுகங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஓடிய துவாரகா கப்பல் தன் கடைசி ஓட்டத்தை முடித்ததும் அதே 1982-இல்தான்.

அந்தக் கப்பலில் வந்து இறங்கிய கீழக்கரைப் பெரியவர் ஒருவரை நாயிஃப் பக்கத்து மொபைல் கடையில் சந்தித்தேன். கடை அவருடைய ஊர்க்காரப் பையனுடையது. சாயங்காலமானால் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளே வருகிற தமிழ் முகங்களையெல்லாம் "எந்த ஊரு?" என்று நிறுத்துவது பெரியவரின் வழக்கம். பட்டுக்கோட்டை என்றேன். "அப்ப அதிராம்பட்டினத்துல யாரைத் தெரியும்?" என்று அடுத்த கேள்வி வந்தது. இரண்டு பேரைச் சொன்னதும் எனக்கும் ஒரு ஸ்டூல் கிடைத்தது; டீயும் வந்தது.

"அப்பல்லாம் காருல ஃபோன் வச்சிருந்தவன் அரபி. நாங்க காருல கேசட்டு வச்சிருந்தோம் தம்பி" என்றார்.

பாட்டுக் கேசட் இல்லை, வீட்டுக் கேசட். ஊரிலிருந்து வருகிறவர் யாராவது, மனைவி பேசிப் பதிந்து கொடுத்ததைக் கொண்டுவந்து தருவார். அறையில் டேப் ரெக்கார்டர் இருந்தது, பத்து ஆட்களும் இருந்தார்கள். பத்துப் பேர் நடுவில் பெண்டாட்டி பேசுவதை எப்படிப் போட்டுக் கேட்பது? கம்பெனி பிக்கப்பில் கேசட் பிளேயர் உண்டு. வேலை முடிந்ததும் க்ரீக் ஓரமாக வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுத்தான் அறைக்குப் போவாராம். "பேட்டரி எறங்கிப் போயி வண்டியத் தள்ளுன நாளும் உண்டு. ஃபோர்மேன் என்னடான்னு கேட்டா என்ன சொல்ல?"

புது ஃபோனையும் காரையும் வைத்துக்கொண்டு அமீரகத்தை ஒரு சுற்றுச் சுற்றி எழுதலாம் என்று கிளம்பியவன் நான். எதைப் பார்க்க வேண்டும் என்பதை இந்த ஸ்டூல்காரர் முதல் சாயங்காலமே தீர்மானித்துவிட்டார்.

ஃபோனைப் பற்றி இரண்டு வார்த்தை. ஐஃபோன் 17 கடைக்கு வந்தது 2025 செப்டம்பர் 19. இங்கும் இந்தியாவிலும் ஒரே நாள். துபாயிலிருந்து வருகிறவரிடம் ஃபோன் சொல்லிவிடுவது நம் ஊரில் ஒரு தலைமுறைப் பழக்கம். சாதா 17-ஐப் பொறுத்தவரை அந்தப் பழக்கத்துக்கு இனி பெரிய காரணம் இல்லை. வெளியானபோது இங்கே 3,399 திர்ஹம், அங்கே 82,900 ரூபாய். திர்ஹமுக்கு 24 ரூபாய் என்று பெருக்கினால் ஆயிரத்துச் சொச்சம்தான் வித்தியாசம். சுற்றுலாப் பயணிக்குப் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும் 5 சதவீத வாட் வரியை வேண்டுமானால் ஆதாயக் கணக்கில் சேர்க்கலாம். புரோ வாங்குகிறவருக்குத்தான் இருபதாயிரத்துக்கு மேல் நிற்கிறது.

விலைச்சீட்டில் தெரியாத வித்தியாசம் ஒன்று உண்டு. வளைகுடா நாடுகளில் விற்கும் 17-இல் சிம் போடும் தட்டே கிடையாது, எல்லாம் இ-சிம். இந்தியாவில் விற்பதில் தட்டு இருக்கிறது. பெரியவர் என் ஃபோனை வாங்கி நாலு விளிம்பையும் தடவிப் பார்த்தார்.

"சிம்மு எங்க போடுறது?"

கடைக்காரப் பையன் கியூ.ஆர். கோடு, ஸ்கேன் என்று விளக்கினான். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப ஃபோனு செத்துப்போச்சுன்னா சிம்மக் கழட்டிப் பக்கத்துக் கட்டில்காரன் ஃபோன்ல போட்டு வீட்டுக்குப் பேச முடியாதா? கேம்ப்ல இருக்கிறவன் என்ன செய்வான்?" என்றார். பையனிடம் பதில் இல்லை. நான் படித்த விமர்சனங்களிலும் இந்தக் கேள்வி இல்லை. கட்டிலுக்குக் கட்டில் ஃபோனும் சார்ஜரும் சிம்மும் கைமாறுகிற அறைகளில் இருந்தவருக்குத்தான் அது தோன்றும்.

ஷேக் சயீத் சாலை

துபாயிலிருந்து அபுதாபி ஏறக்குறைய 140 கிலோமீட்டர். கண்ணாடிக் கோபுரங்கள் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு வந்து, ஜெபல் அலி தாண்டியதும் விட்டுவிடுகின்றன. பிறகு மணல், வேலி, வரிசை வைத்து நட்ட மரங்கள், மறுபடி மணல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வழி தவறினால் டீக்கடை ஓரமாக நிறுத்தி "அண்ணே" என்று கூப்பிட்டால் போதும். இடது பக்கம் போகச் சொல்ல ஒருவரும் வலது பக்கம் போகச் சொல்ல ஒருவரும் எழுந்து வருவார்கள். இந்த ஈ-11 சாலையில் வண்டியை நிறுத்தவும் முடியாது, கேட்க ஆளும் இல்லை. ஒரு எக்ஸிட்டைத் தவறவிட்டால் திரும்பி வரப் பல கிலோமீட்டர் போக வேண்டும். ஃபோனில் வரைபடம் என்பது நம் ஊரில் வசதி. இங்கே அது இல்லாமல் புது ஆள் வண்டி எடுக்கவே கூடாது.

ஓட்டுநர் பரமக்குடிப் பக்கம். லிமோசின் கம்பெனியின் கறுப்பு லெக்ஸஸ். டாஷ்போர்டில் மூன்று ஃபோன்கள். "இது ஒரு ஆப்புக்கு, இது இன்னொரு ஆப்புக்கு. அது எனக்கு சார்" என்றார். அவருக்கானது மட்டும் கியர் பக்கத்தில் குப்புறக் கிடந்தது.

"கையில எடுத்துப் பேசுனா 800 திர்ஹம், கூட நாலு பிளாக் பாயிண்ட். 24 பாயிண்ட் சேர்ந்தா லைசென்ஸ் போச்சு. லைசென்ஸ் போச்சுன்னா ஊருக்குப் போக வேண்டியதுதான்."

தலைக்கு மேல் சாலிக் சுங்க வளைவு வந்தது. 2007-இல் இந்தச் சாலையில்தான் அது தொடங்கியது. நம் ஃபாஸ்டேக் மாதிரி ஒரு ஸ்டிக்கர்தான். ஆனால் தடுப்பு இல்லை, பூத் இல்லை, வேகம்கூடக் குறைய வேண்டாம். நாலு திர்ஹமாக இருந்தது 2025 ஜனவரி கடைசியிலிருந்து நெரிசல் நேரத்தில் ஆறு. நள்ளிரவு ஒரு மணியிலிருந்து காலை ஆறு வரை இலவசம் என்பதால், பயணியை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்ப அந்த நேரத்துக்காகக் காத்திருப்பதும் உண்டு என்றார். வேகக் கணக்கு இன்னும் நுணுக்கம். துபாயில் பலகையில் 100 என்று போட்டிருந்தால் 120 வரை கேமரா கண்டுகொள்ளாது. அபுதாபி எல்லைக்குள் 2018 ஆகஸ்டிலிருந்து அந்தச் சலுகை கிடையாது; பலகையில் என்னவோ அதுதான். எல்லையைத் தாண்டும்போது அவர் கால் தானாக மாறியதை உணர முடிந்தது. வரைபடம் சொன்னது அதற்கு அப்புறம்தான்.

பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெரிய வண்டி எங்களைத் தாண்டிப் போனது. ஒற்றை இலக்கம்போலத் தெரிந்த நம்பர் பிளேட். 2023 ஏப்ரலில் துபாயில் 'பி 7' என்ற பிளேட்டை 5.5 கோடி திர்ஹமுக்கு ஏலம் எடுத்தார்கள். தர்ம காரியத்துக்கான ஏலம். அதே மேடையில் ஃபேன்சி மொபைல் எண்களும் விற்றன. காரும் ஃபோனும் இந்த ஊரில் மேல்தட்டில் சந்திக்கிற இடம் அது. கீழ்த்தட்டில் சந்திக்கிற இடம் கியர் பக்கத்தில் குப்புறக் கிடந்தது.

"நடுவுல வீட்டுக்குப் பேசுவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடிக்கு மேலே இருந்த சின்னக் கறுப்புப் பொட்டைக் காட்டினார். "உள்ள பாக்கிற கேமரா சார். சத்தமும் பதிவாகும்னு சொல்றாங்க. நெசமா பொய்யான்னு தெரியாது. ஆனா இந்த வண்டிக்குள்ள நான் என் பொண்டாட்டிகிட்ட பேசுனதில்ல."

பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். நான் காபி வாங்கி வருவதற்குள் அவர் டயருக்குக் காற்று அடிக்கும் மூலைக்குப் போய், வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். போட்டிம் போன்ற செயலிகள் வழியாகத்தான் பேச முடியும். வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், குரல் பதிந்து அனுப்பலாம். கால் மட்டும் போகாது. அனுமதி பெற்ற செயலிகளில்தான் இணைய அழைப்பு என்பது இங்கத்திய தொலைத்தொடர்பு விதி. வெயில் தகித்தது. ஏ.சி. ஓடுகிற லெக்ஸஸ் இருபதடி தூரத்தில் காலியாக நின்றது. அவர் பேசி முடித்துச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார்.

அபு முரைக்காவில் 2024 பிப்ரவரியில் திறந்த இளஞ்சிவப்புக் கற்கோயிலைப் பார்த்தேன். அபுதாபியில் ஒரு பகலைக் கழித்தேன். அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள்.

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா

என் பள்ளித் தோழன் ஷார்ஜா ரோலாவில் இருக்கிறான். மளிகைச் சாமான் விநியோகிக்கிற கம்பெனியில் சேல்ஸ்மேன். அறைக்கு ஆறு பேர், மூன்று அடுக்குக் கட்டில்கள். வாடகை கட்டிலுக்கு. கீழ்க் கட்டிலுக்கு ஐம்பது திர்ஹம் கூட. இரவு பதினொன்றுக்கு விளக்கணைக்க வேண்டும் என்பது அறைச் சட்டம். அறைக்குள் ஃபோன் பேசுகிறவர் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு "ம்", "சரி", "அப்புறம்" என்ற மூன்று சொற்களில் ஒரு குடும்பத்தையே நடத்துவதை அங்கே பார்த்தேன்.

ஆனால் அவனிடம் ஒரு கார் இருக்கிறது. நிஸான் சன்னி, பழசாக வாங்கியது. இந்த நாட்டில் சன்னியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்; அவ்வளவு சன்னிகள். வாங்கும்போது அதில் ரேடியோவும் சி.டி. போடும் வாயும்தான் இருந்தன. இப்போது டாஷ்போர்டு நடுவில் ஒன்பது அங்குலத் திரை இருக்கிறது. அதை மாட்டிய கார் எலக்ட்ரீசியனிடம் ஒரு சின்ன வயரிங் வேலைக்காகப் போனான், நானும் ஒட்டிக்கொண்டேன்.

இண்டஸ்ட்ரியல் ஏரியா சுற்றுலாப் புத்தகத்தில் வராத ஷார்ஜா. தெரு முழுக்க கராஜ்கள். பாதியாக அறுத்த வண்டிகளின் முன்பக்கங்கள் வரிசையாக நிற்கின்றன. பலவும் ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறப் போகிறவை. கிரீஸ் வாசனையோடு எங்கிருந்தோ வெங்காயம் வதங்குகிற வாசனையும். எலக்ட்ரீசியன் அறந்தாங்கிக்காரர். ஒரு கொரோலாவின் டாஷ்போர்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளேயிருந்து பிடுங்கிய வயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

என் ஃபோனைக் கேபிளில் செருகினேன். சார்ஜ் ஏறியது, திரையில் ஒன்றும் வரவில்லை. அவர் கேபிளைப் பார்த்த பார்வையிலேயே தீர்ப்புத் தெரிந்தது.

"இதுல ரெண்டு கம்பிதான் இருக்கு தம்பி. கரண்டு மட்டும் போகும். நாலு கம்பி இருந்தாத்தான் ஃபோன் திரையோட பேசும். பத்துப் பேர் கார்ப்ளே வரலைன்னு வந்தா எட்டுப் பேருக்குக் கேபிள்தான் கோளாறு."

வேறு கேபிள் மாற்றியதும் ஃபோனின் முகம் திரையில் வந்தது. கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டுக்கும் சூத்திரம் ஒன்றுதான். வரைபடம், பாட்டு, செய்தி எல்லாவற்றுக்கும் மூளை ஃபோன். காரின் திரை அதைக் காட்டுகிறது, விரல் பட்ட இடத்தைத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவே. கேபிள் வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒரு சின்ன டாங்கிள் வைத்திருக்கிறார். அது ப்ளூடூத்தில் ஃபோனைக் கண்டுபிடித்து, வைஃபைக்கு மாறிக்கொண்டு படத்தை அனுப்பும். ஆப்பிள் கார்ப்ளேயை அறிமுகப்படுத்தியது 2014-இல். பத்தாண்டு கழிந்த பிறகும் பாதிப் பேருக்குப் புதுக் கார் வாங்கித்தான் அது கிடைக்கும் என்ற நினைப்பு இருக்கிறது. அறந்தாங்கிக்காரர் போன்றவர்கள் சில நூறு திர்ஹமில் பழைய வண்டிக்கு அதைக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

ஃபோனைக் கண்ணாடியில் ஒட்டும் ஹோல்டரை அவர் விற்பதே இல்லை. வெயிலில் பசை இளகி விழும். அபுதாபி மாநிலத்து ஸ்வைஹானில் 2025 ஆகஸ்ட் முதல் தேதி 51.8 டிகிரி பதிவானது. நிறுத்திவைத்த காருக்குள் அது இன்னும் எவ்வளவு ஏறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஃபோன் கம்பெனிகளோ 35 டிகிரி வரைதான் பயன்படுத்தச் சொல்கின்றன. "ஏ.சி. காத்து வர்ற இடத்துல மாட்டிருங்க. உங்களுக்கு முன்னாடி அதுக்குக் காத்து வேணும்."

திரை போட வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று கேட்டேன்.

"ரிவர்ஸ் கேமராவுக்குன்னுதான் சொல்லுவாங்க. மாட்டி முடிச்சதும் கேக்குற மொதக் கேள்வி என்ன தெரியுமா? மைக்க எங்கண்ணே வச்சிருக்கீங்க, ஊர்ல கேக்குறவங்களுக்குச் சத்தம் தெளிவாப் போகுமா?" ஸ்டீயரிங் பக்கம் வைத்தால் ஏ.சி. இரைச்சல் ஏறும், மேலே சன்வைசர் ஓரத்தில், வாய்க்கு நேராக வைக்க வேண்டும். அந்த ஒரு வயரை மட்டும் அவர் யாரையும் தொடவிடுவதில்லை. உதவிக்கு இருக்கும் பையனைக்கூட.

கோர்ஃபக்கான் சாலை

வெள்ளிக்கிழமை அதிகாலை சன்னியில் கிழக்கே கிளம்பினோம். ஷார்ஜாவிலிருந்து கிழக்குக் கடற்கரையிலுள்ள கோர்ஃபக்கானுக்கு ஹஜர் மலையைக் குடைந்து போட்ட 89 கிலோமீட்டர் சாலை 2019 ஏப்ரலில் திறந்தது. ஐந்து சுரங்கப்பாதைகள், நீளமான அல் சித்ரா மட்டும் 2.7 கிலோமீட்டர். முதலில் சிவந்த மணல்மேடுகள். சற்றைக்கெல்லாம் மணல் தீர்ந்து, பச்சையே இல்லாத பழுப்பு மலை எழுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்த கண்ணுக்கு இதை மலை என்று ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும். மரம், மண், அருவி எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மலைக்கு எலும்பு எப்படியிருக்கும் என்று தெரிகிறது.

வழி சொன்னது தமிழ்க்குரல். கூகுள் மேப்ஸ் 2018-இலேயே தமிழில் வழி சொல்லத் தொடங்கிவிட்டது. நான் ஊரில் அதைப் பயன்படுத்தியதில்லை. ஊரில் எதற்கு என்ற எண்ணம். இங்கே, அரபிப் பெயர்ப் பலகைகளுக்கு நடுவில், ஒரு பெண் திருத்தமான தமிழில் வெளியேறும் வழியைச் சொல்வது வேடிக்கையாகவும் ஆறுதலாகவும் இருந்தது. 'ஷேக்' என்ற சொல்லை மட்டும் அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரி சொன்னாள். புது ஃபோனின் திரை நடுப்பகல் வெயிலிலும் தெளிவாகத் தெரிந்தது. அதன் வெளிச்சம் 3,000 நிட்ஸ் என்கிறார்கள். மணல் தேசத்தில் அது நிஜமாகவே பயன்படுகிற எண். அதன் கேமரா பற்றிய புகழ்ச்சிகளில் பாதியை நான் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.

சுரங்கத்துக்குள் நுழைந்ததும் ஜி.பி.எஸ். போய்விட்டது. நீல அம்பு தயங்கி, பிறகு மலைக்கு மேலே எங்கோ நின்றது. தமிழ்ப்பெண்ணும் பேச்சை நிறுத்தினாள். அந்த இடைவெளியில்தான் தோழன் தன் வழக்கத்தைக் காட்டினான்.

அவன் மனைவி பகலில் குரல் பதிந்து அனுப்பிக்கொண்டே இருப்பாள். ரேஷன் கடை வரிசை, பையனின் கணக்குப் பரீட்சை, அவன் அம்மா மாத்திரை சாப்பிட மறுத்தது, எதிர்வீட்டில் போர் போட்டது. பத்து, பன்னிரண்டு சேர்ந்திருக்கும். வண்டியைக் கிளப்பும் முன் முதலாவதை மட்டும் தட்டிவிடுவான். வாட்ஸ்அப் ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தானே ஓட்டும். ஃபோனைத் தொட வேண்டாம், அபராதமில்லை. காரின் நாலு ஸ்பீக்கரிலும் பட்டுக்கோட்டை ஓடும். வெளியே 120-ஐத் தொட்டதும் வண்டி டிங் டிங் என்று அடிக்கும் எச்சரிக்கை மணி. வளைகுடாவுக்கென்று வருகிற கார்களில் இருக்கும் மணி. உள்ளே எதிர்வீட்டுப் போர்வெல் முந்நூறடியில் தண்ணீர் கண்ட செய்தி.

"ஒன்றரை மடங்கு வேகத்துல கேக்கலாமே, ஃபோன்ல வசதி இருக்கே" என்றேன்.

"அவ பேசுற வேகத்துக்கு அதுக்கு மேல போனா எனக்கு ஒண்ணும் புரியாது மாப்ள."

நான் முன் சீட்டில் இருந்ததால் அன்று அவன் இரண்டைத் தாண்டி மூன்றாவதை ஓடவிடவில்லை. கையை நீட்டி நிறுத்திவிட்டு, போகும் வழியிலுள்ள அணை பற்றி ஏதோ சொன்னான். க்ரீக் ஓரத்துப் பிக்கப்பில் கண்ணாடியை ஏற்றிவிட்டவருக்கும் இவனுக்கும் நாற்பது வருஷ தூரம். கேசட் போய், சுரண்டிப் பேசும் காலிங் கார்டு வந்து, அதுவும் போய், போட்டிமும் குரல்பதிவும் வந்திருக்கின்றன. மாறாதது, கதவைச் சாத்திக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருப்பது. அறைக்கு ஆறு பேர் என்கிற கணக்கு மாறாதவரை அந்த இடம் காராகத்தான் இருக்கும்.

அல் ரஃபீஸா அணையில் தேங்கிய பச்சைத் தண்ணீரையும் படகு ஓட்டுகிற குடும்பங்களையும் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு இறங்கினோம். கோர்ஃபக்கானில் ஒரு கஃபத்தீரியா முன்னால் அவன் வண்டியை நிறுத்தி ஹாரனை ஒரு தட்டுத் தட்டினான். ஒரு மலையாளிப் பையன் ஓடி வந்து கண்ணாடியருகே குனிந்தான். இரண்டு கரக் சாயா, இரண்டு சிப்ஸ் ஓமன் பரோட்டா. சுட்ட பரோட்டாவில் க்ரீம் சீஸைத் தடவி, மேலே மிளகாய் உறைக்கும் ஓமன் சிப்ஸைப் பொடித்துத் தூவி, சுருட்டித் தருகிறார்கள். சொல்லக் கேட்டால் அபத்தம். தின்றால் இன்னொன்று கேட்கத் தோன்றும். யாரும் வண்டியை விட்டு இறங்குவதில்லை. அரபிக் குடும்பம், பாகிஸ்தானி லாரிக்காரர், நாங்கள், எல்லோரும் அவரவர் கதவுக்குள். நம் ஊரில் டீ என்பது நின்றுகொண்டு நாலு பேரோடு குடிப்பது. இங்கே டீக்கடை வண்டியைத் தேடி வருகிறது, பேச்சு மட்டும் வருவதில்லை. எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தோழனுக்குப் பிடித்திருக்கிறது. ஆறு பேர் அறையில் இருக்கிறவனுக்குத் தனியாக டீ குடிப்பதும் ஒரு சுகம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மதா, நஹ்வா

கோர்ஃபக்கானுக்கும் ஃபுஜைராவுக்கும் நடுவில் கடற்கரைச் சாலையிலிருந்து மலைப்பக்கம் திரும்பினால், எல்லைச் சாவடியோ காவலரோ இல்லாமல் ஓமன் வந்துவிடுகிறது. நான்கு புறமும் அமீரகம் சூழ்ந்த ஓமன் துண்டு, பெயர் மதா. பரப்பு 75 சதுர கிலோமீட்டர். கடந்த நூற்றாண்டின் முப்பதுகளிலோ நாற்பதுகளிலோ சுற்றியிருந்த ஷேக்குகளில் யாரோடு சேர்வது என்று கேட்டபோது, மதாவின் பெரியவர்கள் தூரத்திலிருந்த ஓமன் சுல்தானைத் தேர்ந்தெடுத்தார்களாம். அவர் வசதியானவர், நம் தண்ணீரைக் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை. எண்ணெய் எங்கே கிடைக்கப் போகிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

நாடு மாறியது காருக்குத் தெரியவில்லை, எங்களுக்கும் கொடியைப் பார்க்கும்வரை தெரியவில்லை. ஃபோனுக்குத் தெரிந்தது. இரண்டு ஃபோன்களும் ஒரே நேரத்தில் சிணுங்கின: ஓமனுக்கு நல்வரவு, ரோமிங் கட்டணம் இவ்வளவு. தோழன் பதறி வண்டியை ஓரம்கட்டி டேட்டாவை அணைத்தான். "அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு நாள் பெட்ரோல் காசு போயிரும் மாப்ள." கூடவே இன்னொரு கவலை: அவனுடைய வண்டி இன்ஷூரன்ஸ் ஓமனில் செல்லாது. முப்பதில் ஓட்டினான்.

பேரீச்சை மரங்கள், ஓடைக்கல்லில் கட்டிய பழைய வீடுகள், ஓமன் காவல்துறையின் நிலையம். கடையில் ரியாலும் திர்ஹமும் இரண்டும் செல்லும். தண்ணீர் பாட்டில் வாங்கினோம். திர்ஹம் கொடுத்தோம், திர்ஹமிலேயே மீதி வந்தது.

மேலே போகப் போகச் சாலை வளைந்து, திடீரென்று மறுபடி அமீரகக் கொடி. மதாவின் வயிற்றுக்குள் நஹ்வா என்ற சின்ன ஊர். அது ஷார்ஜாவுக்குச் சொந்தம். நாற்பது வீடுகள், ஒரு கிளினிக், ஒரு காவல் சாவடி. அமீரகத்துக்குள் ஓமன், ஓமனுக்குள் அமீரகம். இங்கே என் இ-சிம் ஒரு வளைவில் அமீரகத்தின் 971-ஐயும் அடுத்த வளைவில் ஓமனின் 968-ஐயும் பிடித்துக்கொண்டு அல்லாடியது. வரைபடத்தில் கோடாக மட்டும் இருக்கிற எல்லையை, டவர் டவராக ஃபோன்தான் நிஜமாக்குகிறது. ஊர்க்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அறிய, வீட்டு வாசலில் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு வேலைக்காரப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். வங்காளதேசத்துக்காரர். சட்டைப் பையிலிருந்து பட்டன் ஃபோன் ஒன்றை எடுத்துக் காட்டினார்: இரண்டு சிம், ஒன்று இந்த நாட்டுக்கு, ஒன்று அந்த நாட்டுக்கு. பேட்டரி நாலு நாள் நிற்கும் என்று பெருமைப்பட்டார். என்னுடையதற்கு மதியமே சார்ஜ் தேடிக்கொண்டிருந்தேன்.

சிக்னல் நிலையாக 971 காட்டிய ஒரு திருப்பத்தில் தோழன் வண்டியை நிறுத்தினான். "ஒரு நிமிஷம்" என்றான். நான் புரிந்துகொண்டு இறங்கிப் பாறைப்பக்கம் நடந்தேன். கண்ணாடி ஏறியது. அவன் கை மட்டும் ஆடுவது தெரிந்தது. அறையில் "ம்", "சரி", "அப்புறம்" என்று பேசுகிற ஆள்தான். ஒரு நிமிஷம் என்றது அரை மணி நேரமானது.

ஃபுஜைரா

ஃபுஜைராவில் மதியச் சாப்பாடு. கிங்ஃபிஷ் பொரித்து, ரசம் வைத்து, அப்பளத்தோடு போடும் ஒரு நாகர்கோவில்காரர் கடை. கடைக்கு வெளியே இடமில்லாமல் பள்ளி வாகனங்கள், தண்ணீர் லாரிகள். ஒவ்வொன்றிலும் ஓட்டுநர் சீட்டைச் சாய்த்துக்கொண்டு ஃபோனை மார்பில் வைத்திருந்தார். மதியத் தூக்கமா மதியப் பேச்சா என்று கிட்டப் போகாமல் சொல்ல முடியாது.

சாப்பிடும்போது குடும்பத்தை அழைத்து வருவது பற்றிக் கேட்டேன். குடும்ப விசாவுக்குச் சம்பளம் 4,000 திர்ஹம் வேண்டும், அல்லது 3,000-த்தோடு கம்பெனி கொடுக்கும் வீடு. அவன் நாலாயிரத்தைத் தாண்டிவிட்டான். ஆனால் விசா கிடைப்பது வேறு, ஷார்ஜாவில் ஒற்றை அறை ஃபிளாட்டுக்கு வாடகை கொடுத்துப் பையனைப் பள்ளியிலும் சேர்ப்பது வேறு. இரண்டு வருஷக் கணக்கு ஒன்று போட்டு வைத்திருக்கிறான். அதில் ஒரு வரி சன்னியை விற்பது.

"திரை போட்டதுக்கு நல்ல விலை கிடைக்குமா?"

"கிடைக்கும். ஆனா கார் இல்லாம சேல்ஸ் பண்ண முடியாதே. கம்பெனி வேன்தான் கேக்கணும்." ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சொன்னான்: "அவ இங்க வந்துட்டா வண்டியில என்ன பேச்சு வேண்டிக்கிடக்கு? இளையராஜாவைப் போட்டுட்டு ஓட்ட வேண்டியதுதான். அப்பவும் பின் சீட்லேருந்து சவுண்டைக் கொறைன்னு சொல்லுவா."